நடுவில் இருக்கும் கோடு

அக்கா மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். பாடத்துக்காக ஒரு குறும்படம் எடுக்க வேண்டுமாம். "மாமா, நீங்களும் படத்துல இருக்கீங்க. சனிக்கிழமை கண்டிப்பா வந்திடுங்க" என்று கூப்பிட்டான். நானும் சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கோலாலம்பூரிலிருந்து செர்காம் வரை வண்டி ஓட்டிப் போனேன். போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, படத்தில் எனக்கு முகமே இல்லை.

அண்ணன், தம்பி என இரண்டு வேடமும் அவனே. நான் எதிரில் உட்கார்ந்து வசனம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். "நீங்க டூப்பு, மாமா" என்றான் சிரித்துக்கொண்டே.

கதை சின்னது. தோட்டம் கைமாறுகிறது. அண்ணன் ஊரிலேயே தங்கிவிடுகிறான். தம்பி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறான். போகிற நாளுக்கு முந்தின இரவு இருவரும் சாப்பாட்டு மேசையில் பேசிக்கொள்கிறார்கள். கதை எங்கிருந்து வந்தது என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. என் அப்பாவும் சித்தப்பாவும் அப்படித்தான் பிரிந்தார்கள். அப்பா காலமாகும் வரை இருவரும் முகம் பார்த்துப் பேசவில்லை. அக்கா மகனுக்கு அப்படியே அப்பாவின் முகவெட்டு. சித்தப்பாவுக்கும் அதே முகவெட்டுதான்.

ஆனால் நான் வருவதற்கு முதல் நாள் அவன் தனியாக எடுத்துப் பார்த்தது படுதோல்வி. மேசை நடுவில் உடைந்ததுபோல் தெரிந்தது. சுவரில் பாதி மஞ்சள், பாதி நீலம். அண்ணன் தம்பியின் முகத்தைப் பார்க்காமல், அவன் காதுக்குப் பின்னால் எதையோ பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான்.

திடலில் பார்த்த இரண்டு எம்.ஜி.ஆர்.

எனக்கு என் சிறு வயது நினைவுக்கு வந்தது. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். பாயும் தலையணையுமாக லயத்து ஜனம் முழுக்க அங்கேதான் இருக்கும். ஒருநாள் 'எங்க வீட்டுப் பிள்ளை'. 1965ல் வந்த படம். அடி வாங்கும் பயந்த ராமு ஒரு எம்.ஜி.ஆர்., சாட்டை எடுக்கும் இளங்கோ இன்னொரு எம்.ஜி.ஆர். இன்னொருவர் யார் என்பதில் பையன்களுக்குள் பெரிய சண்டை. "அவங்க அண்ணன் சக்கரபாணிதான்டா மேக்கப் போட்டு நடிக்கிறாரு" என்று ஒருவன் அடித்துச் சொன்னான். பால்மரம் சீவிய கையோடு உட்கார்ந்திருந்த தாத்தா சொன்னார்: "ரெண்டு பேருக்கும் நடுவுல பாருங்கடா. ஒரு தூணோ கதவோ இருக்கும். அங்கதான் சங்கதி."

தாத்தா சொன்னது சரி. அந்தக் காலத்து முறை இதுதான். கேமராவை இம்மியும் அசையாமல் நிறுத்துவார்கள். லென்சுக்கு முன்னால் ஒரு பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து, நடிகரை மறுபாதியில் நிற்க வைத்து எடுப்பார்கள். மறைத்த பாதியில் ஒளி படாததால் அந்தப் பகுதி பிலிம் வெறுமையாகவே இருக்கும். பிறகு பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, தொடங்கிய அதே இடத்துக்குக் கொண்டுவருவார்கள். நடிகர் உடை மாற்றி வருவார். இப்போது எடுத்த பாதியை மறைத்துவிட்டு அடுத்த பாதியை எடுப்பார்கள். இரண்டாவது முறை வசனத்தில் தடுமாறினால், முதல் முறை நன்றாக நடித்ததும் சேர்ந்தே வீண். பிலிமைக் கழுவிப் பார்க்கும் வரை சரியாக வந்ததா என்று யாருக்கும் தெரியாது. ஒட்டும் இடம் கண்ணில் படாமலிருக்கத்தான் நடுவில் தூண், கதவு, திரைச்சீலை எல்லாம்.

இந்த வித்தைக்கு வயது நூறுக்கு மேல். பிரான்சில் ஜார்ஜ் மெலியேஸ் 1900ல் எடுத்த ஒரு படத்தில் ஏழு மெலியேஸ்கள் வரிசையாக உட்கார்ந்து வாத்தியம் வாசித்தார்கள். அமெரிக்காவில் பஸ்டர் கீட்டன் 1921ல் ஒரே காட்சியில் ஒன்பது பேராக மேடையில் நின்றார். அப்போது கேமராவைக் கையால் சுற்ற வேண்டும். ஒன்பது முறையும் ஒரே வேகத்தில் சுற்றியவர் எல்ஜின் லெஸ்லி என்ற ஒளிப்பதிவாளர். இந்தியாவில் 1917ல் பால்கேயின் 'லங்கா தகன்' படத்தில் ராமரும் சீதையும் ஒரே ஆள்தான். அண்ணா சாலுங்கே என்ற ஆண் நடிகர் இரண்டு வேடத்தையும் ஏற்றார்.

தமிழில் இரட்டை வேடத்தைத் தொடங்கி வைத்தவர் பி.யு.சின்னப்பா. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் 1940ல் எடுத்த 'உத்தம புத்திரன்' படத்தில் அண்ணனும் தம்பியும் அவரே. அதே பெயரில் 1958ல் சிவாஜி நடித்தார். ஒளிப்பதிவு ஏ.வின்சென்ட். அதே ஆண்டில் எம்.ஜி.ஆர். 'நாடோடி மன்னன்' படத்தை இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்தும் விட்டார்.

எதிரில் யாரும் இல்லை

கோட்டை மறைப்பது ஒளிப்பதிவாளர் வேலை. நடிகரின் பாடு வேறு. எதிரில் ஆளே இல்லாத இடத்தைப் பார்த்துக் கோபப்பட வேண்டும், அழ வேண்டும். இல்லாதவன் பேசி முடிக்கக் காத்திருந்து பதில் சொல்ல வேண்டும். பார்வை கொஞ்சம் தப்பினாலும் காட்சி போச்சு. படம் பார்க்கிறவர்கள் கோட்டைக் கண்டுபிடிக்காமல் இருந்தாலும் இருப்பார்கள், பார்வை தப்பினால் உடனே பிடித்துவிடுவார்கள்.

இதற்காகத்தான் டூப். தோள் வழியாக எடுக்கும் காட்சியில் முதுகு காட்டி நிற்பவர், கட்டிப்பிடிக்கும்போது முகம் தெரியாமல் இருப்பவர் எல்லாம் அவரே. எம்.ஜி.ஆருக்கு அப்படி டூப்பாகவும் மெய்க்காப்பாளராகவும் இருந்தவர் கே.பி.ராமகிருஷ்ணன். அவர் பெயராவது நமக்குத் தெரிகிறது. எத்தனையோ படங்களில் முதுகு மட்டும் காட்டிவிட்டுப் போனவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது.

பிறகு கணினி வந்தது. 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) நான்கு கமல்களை ஒன்றாக நிறுத்தியது கணினி வித்தைகள் பெருகுவதற்கு முன்பு. 'ஜீன்ஸ்' (1998) படத்தில் இரண்டு பிரசாந்துகள் சேர்ந்தே ஆடினார்கள். 'ஆளவந்தான்' (2001) படத்துக்கு, கணினி சொன்னபடி ஒரே பாதையில் எத்தனை முறை வேண்டுமானாலும் அச்சுப் பிசகாமல் நகரும் கேமராவைப் பயன்படுத்தினார்கள். அதனால் கேமரா அசையக்கூடாது என்ற கட்டு விலகியது. 'மாற்றான்' (2012) படத்தில் இரண்டு சூர்யாக்களும் ஒட்டிப் பிறந்தவர்கள். தூணுக்கும் கதவுக்கும் அங்கே இடமே இல்லை.

எங்கள் வீட்டு மேசையில்

எங்களிடம் இருந்ததோ ஒரு கைப்பேசி, ஒரு முக்காலி. தாத்தா காலத்து முறையே போதும் என்று முடிவு செய்தோம். வீட்டில் முயன்று பார்க்க நினைப்பவர்களுக்கு நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முக்காலியின் கால்களைத் தரையில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். பெரும்பாலான கைப்பேசிகளில் திரையை அழுத்திப் பிடித்தால் வெளிச்ச அளவும் குவியமும் பூட்டிக்கொள்ளும். எங்கள் முதல் முயற்சியில் அதைச் செய்யவில்லை. காற்றாடியை நிறுத்துங்கள், அதன் நிழல் காட்டிக் கொடுத்துவிடும். ஜன்னலை மூடி விளக்கு வெளிச்சத்தில் எடுங்கள். நம் ஊர் மத்தியான மேகத்தை நம்ப முடியாது. மேசைமேல் இருக்கும் எதையும் இடையில் நகர்த்தாதீர்கள். அக்கா நடுவில் வந்து தண்ணீர்ச் சொம்பை எடுத்துப் போனதால் ஒரு மணி நேர வேலை வீணானது.

யார் பேச்சை நடத்துகிறாரோ அவர் பகுதியை முதலில் எடுங்கள். அந்தக் குரலைக் காதில் கேட்டபடியே அடுத்தவர் பகுதியை நடித்தால் நேரம் பிசகாது. ஆள் உட்கார்ந்து பார்வையைப் பழக்கிக்கொண்டதும், அவர் கண் உயரத்தில் ஒரு குச்சியை நட்டு அடையாளம் வையுங்கள். பிறகு எடிட்டிங் செயலியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாதியை மறைத்தால் வேலை முடிந்தது. கை மட்டும் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மணிக்கட்டோடு காணாமல் போகும்.

அக்கா மகன் குச்சியைப் பார்த்து நன்றாகத்தான் பேசினான். ஆனால் "போகாதடா" என்ற இடம் மட்டும் வரவே இல்லை. ஏழெட்டு முறை எடுத்தோம். கடைசியில் குச்சியைப் பிடுங்கிவிட்டு என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தான். நான் சித்தப்பாவின் வசனத்தைச் சொன்னேன். எதிரில் அப்பாவின் முகம். அந்த முறை அவனுக்கும் வந்தது, எனக்கும் குரல் கம்மிப்போனது. என் குரலும் உருவமும் படத்தில் இல்லை என்பதால் பரவாயில்லை என்றான்.

இரவு அம்மாவுக்குப் போட்டுக் காட்டினோம். எப்படி எடுத்தீர்கள் என்று அம்மா கேட்கவே இல்லை. முழுவதும் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் இன்னும் கொஞ்சம் பக்கத்துல உட்கார்ந்திருக்கலாம்" என்றார். நடுவில் கோடு இருப்பதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மறுநாள் காலை பசியாறிவிட்டு இன்னொரு காட்சி எடுத்தான். தோள் வழியாக, பழைய முறைதான். தம்பி எழுந்து வந்து அண்ணன் தோளில் கை வைக்கிறான். முதுகும் கையும் மட்டும் தெரியும். அந்தக் கை என்னுடையது.

படத்தைப் பாடத்துக்குக் கொடுத்துவிட்டான். ஒரு பிரதியைச் சித்தப்பாவுக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறார் அம்மா. எண்ணைத் தேடி எடுத்து அனுப்பிவிட்டேன். பார்த்துவிட்டார் என்பதற்கு இரண்டு நீலக் குறி விழுந்திருக்கிறது. பதிலுக்குக் காத்திருக்கிறோம்.