வாழைப்பழம் சேராத வாழைமணம்

பெங்களூரு இந்திரா நகரில் உள்ள டாய்ட் போன்ற சிறு பீர் ஆலைகளில் ‘வைஸ்’ என்றொரு கோதுமை பீர் கிடைக்கும். ஜெர்மனியின் பவேரியாவில் பிறந்த வகை. குவளைக்குள் கலங்கலான மஞ்சள் திரவம்; மேலே இரண்டு விரல் கனத்துக்கு வெள்ளை நுரை. மூக்கருகே கொண்டுபோனால் முதலில் எழுவது நன்றாகக் கனிந்த வாழைப்பழத்தின் மணம். அது அடங்குவதற்குள் கிராம்பு வாசனை எட்டிப் பார்க்கும். ஆனால் தொட்டிக்குள் போனவை கோதுமை, பார்லி, ஹாப்ஸ் பூ, தண்ணீர், ஈஸ்ட் ஆகிய ஐந்து மட்டுமே. பழம் இல்லை, கிராம்பு இல்லை, எசன்ஸும் இல்லை. அப்படியானால் இந்த மணங்களை உள்ளே வைத்தது யார்?

துப்பு துலக்க நீலகிரிக்கு ஏற வேண்டும். குன்னூரை அடுத்து, கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது வெலிங்டன். 1850களில் ஜகதளாவை ஒட்டி இங்கே ஆங்கிலேயர் ராணுவக் குடியிருப்பு கட்டினார்கள். சிப்பாய் இருக்கும் இடத்தில் பீருக்குக் கிராக்கி இருக்கும். 1915-ல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவின் ஐந்து பீர் ஆலைகளை ஒன்றாக்கி யுனைடெட் புரூவரிஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த ஐந்தில் நீலகிரி புரூவரியும், 1857-ல் தோன்றிய காசில் புரூவரியும் அடக்கம். இன்றைய கிங்ஃபிஷர் அந்த நிறுவனத்தின் பீர்தான். இமயமலைச் சரிவில் கசௌலி, முர்ரீ; இலங்கையில் நுவரெலியா. அந்தக் காலத்து ஆலைகள் பலவும் மலைமேல்தான் இருந்தன. நீலகிரியில் படுகர்கள் பார்லி பயிரிட்டு வந்தது ஒரு வசதி. பெரிய காரணம் குளிர். கார்ல் வான் லிண்டேயின் குளிர்பதன இயந்திரம் 1870களில்தான் ஜெர்மன் பீர் ஆலைகளுக்குள் நுழைந்தது. அதுவரை, இந்தியாவில் பீர் ஆலைக்குப் போதுமான குளிர் வேண்டுமென்றால் பெரும்பாலும் மலையேறத்தான் வேண்டும்.

குளிர் யாருக்குத் தேவை? ஈஸ்ட்டுக்கு. பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தினால் மால்ட். நம் வீடுகளில் ராகி மால்டுக்குச் செய்வதும் இதுவே. முளைவிடும் தானியத்துக்குள் அமைலேஸ் என்ற நொதி, அதாவது வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம், உருவாகி மாவுச்சத்தைத் துண்டுதுண்டாக்கிச் சர்க்கரையாக மாற்றுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பூஞ்சையான ஈஸ்ட், அந்தச் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. பாடப்புத்தகம் இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளும். ஈஸ்ட் நிறுத்திக்கொள்வதில்லை. போகிற போக்கில் நூற்றுக்கணக்கான வேறு சேர்மங்களையும் துளித்துளியாகச் செய்து தள்ளுகிறது. வாழைமணம் அவற்றில் ஒன்று.

அதன் பெயர் ஐசோஅமைல் அசிடேட். ஆல்கஹாலும் அமிலமும் கைகோத்து உண்டாகும் ‘எஸ்டர்’ என்ற மணப்பொருள் குடும்பத்தைச் சேர்ந்தது. வாழைப்பழத்தில் இருப்பதும் இதே மூலக்கூறுதான், போலி அல்ல. ஒரு லிட்டர் பீரில் ஒரு மில்லிகிராம் அளவுக்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரித் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி ஊற்றுவதற்கு அது சமம்.

இந்த மணம் வெப்பத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். 20 பாகை செல்சியஸுக்கு அக்கம்பக்கத்தில் நொதித்தால் பதமாக இருக்கும். கூடக்கூட வாழைமணம் தூக்கலாகும்; 30 பாகையை நெருங்கினால் தொண்டையை எரிக்கும் கடும் ஆல்கஹால்கள் சேர்ந்து சுவையைக் கெடுக்கும். சென்னை வெயிலில் நினைத்துப் பார்க்க முடியாத அந்தப் பதம், வெலிங்டனில் சும்மா கிடைத்தது. தொட்டியின் வடிவம்கூட விளையாடும். உயரமான தொட்டியின் அடியில் அழுத்தம் கூடுவதால் ஈஸ்ட் எஸ்டரைக் குறைத்துக்கொள்கிறது. அதனால்தான் பவேரியாவில் சில ஆலைகள் இன்றும் ஆழமில்லாத திறந்த தொட்டிகளை விடாமல் வைத்திருக்கின்றன.

சரி, ஈஸ்ட்டுக்கு வாழைமணத்தால் என்ன லாபம்? அதற்குக் காலும் இல்லை, சிறகும் இல்லை. ஒரு பழத்திலிருந்து இன்னொரு பழத்துக்குப் போக வாகனம் வேண்டும். பெல்ஜிய ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த எஸ்டர்களைச் செய்யும் மரபணுவை நீக்கிய ஈஸ்ட்டைப் பழ ஈக்கள் அவ்வளவாக நாடவில்லை. பழ ஈயைக் கூவி அழைத்து அதன் உடம்பில் ஒட்டிக்கொண்டு பயணம் போகும் உத்தி அது. இதே மூலக்கூறு தேனீக்களிடம் வேறு வேலை பார்க்கிறது. கொட்டும்போது தேனீ வெளியிடும் அபாய மணத்தில் முக்கியப் பொருள் இதுவே. ஈக்கு விருந்தழைப்பாகவும் தேனீக்குப் போர்முரசாகவும் இருப்பது நமக்கு வாழைப்பழம்.

கிராம்பு வாசனையின் கதை வேறு. கோதுமை, பார்லி செல்களின் சுவரில் ஃபெருலிக் அமிலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அரைத்த மால்ட்டைச் சுமார் 45 பாகை வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டால் அது கழன்று வரும். கோதுமை பீருக்கான ஈஸ்ட் அதைப் பிடித்து, ஒரு கரியமில வாயு மூலக்கூறைக் கழற்றிவிட்டு, கிராம்பின் யூஜினாலுக்கு நெருங்கிய உறவான ஒரு சேர்மமாக மாற்றுகிறது. காட்டு ஈஸ்ட்டுகளுக்கு இந்தத் திறமை உண்டு. மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக ஆலைகளில் வளர்த்த ஈஸ்ட்டுகளில் பல, அந்த மரபணு பழுதாகி இதை மறந்துவிட்டன. சாதாரண பீரில் கிராம்பு மணம் வீசினால் கெட்டுப்போனதாகக் கருதுவார்கள். கோதுமை பீரில் வீசாவிட்டால்தான் புகார்.

எந்த ஈஸ்ட் என்பதே எந்தச் சுவை என்பதை முடிவு செய்கிறது. பீரில் நுண்ணுயிரிகளின் பங்கை உலகுக்கு உணர்த்தியவரின் பெயரைத் தாங்கிய நிறுவனம் வெலிங்டனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1907-ல் குன்னூரில் தொடங்கிய பாஸ்டர் நிறுவனத்தை வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்காக அறிவோம். அந்த லூயி பாஸ்டர் 1876-ல் பீரைப் பற்றியே தனி நூல் எழுதினார். பீர் புளித்துப்போவதற்கு வேண்டாத நுண்ணுயிரிகளே காரணம் என்று நிறுவினார். 1883-ல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பை உருவாக்கினார். அதன்பிறகுதான் நேற்றைய சுவையை இன்றும் கொண்டுவர முடிந்தது.

மலை கொடுப்பதோடு பறிக்கவும் செய்யும். வெலிங்டன் உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஹாப்ஸ் பூவின் அமிலங்கள் கொதியில் வடிவம் மாறினால்தான் பீருக்குக் கசப்பு இறங்கும். வெப்பம் 10 பாகை குறைந்தால் அந்த மாற்றத்தின் வேகம் பாதிக்கும் கீழே போய்விடும். சென்னையில் ஒரு மணி நேரத்தில் இறங்கும் கசப்புக்கு இங்கே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அடுப்பெரிக்க வேண்டும்.

ஹாப்ஸின் நறுமணத்துக்கும் நீலகிரித் தேயிலைக்கும் ஒரு சொந்தம் உண்டு. லினலூல், ஜெரானியால் என்ற பூமணச் சேர்மங்கள் இரண்டிலும் இருக்கின்றன. ரோஜா மணமுள்ள ஜெரானியாலை ஈஸ்ட் சும்மா விடாது. ஒரு பகுதியை எலுமிச்சைச் சாயலுள்ள சிட்ரோனெலாலாக மாற்றிவிடும். தேயிலை சேர்த்துக் காய்ச்சும் பீர் விசித்திரமாகத் தோன்றலாம். மூலக்கூறுகளைக் கேட்டால் உறவுக்காரர்கள் ஒரே வீட்டில் கூடியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இவ்வளவு மணத்தையும் நாக்கு அறியாது. அதற்குத் தெரிந்தவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி. மணமெல்லாம் தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் ஆவியின் வேலை. ஐஸ் போலக் குளிர்ந்த பீரில் ஆவி குறைவு. அதனால் மணமும் மந்தம்.

இதைச் சோதிக்கப் பீர் வேண்டியதில்லை. பால் சேர்க்காத நீலகிரித் தேநீர் ஒரு குவளை போதும். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு விழுங்குங்கள். சூடும் கசப்பும் துவர்ப்பும் மட்டும் தெரியும். விரல்களை எடுத்துவிட்டு மூச்சை மூக்கு வழியே மெல்ல வெளியே விடுங்கள். தேநீர் அப்போதுதான் வரும்.