கூம்பு ஸ்பீக்கரில் ஒரு ரெகே: நாகூர் ஹனிபா

ரெகேன்னு சொன்னதும் உங்களுக்கு பாப் மார்லி முகம்தான் வரும். அந்த இசைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் வேற ஒருத்தர். ஜமைக்காவோட டூட்ஸ் ஹிபர்ட். 1968ல் அவர் குழு போட்ட பாட்டில்தான் 'ரெகே' என்ற சொல் ரெக்கார்டில் ஏறியது. சர்ச்சில் பாடி வளர்ந்த குரல் அது. அங்கே சாமிப் பாட்டும் அரசியல் பாட்டும் ஒரே தொண்டையில் இருந்து வரும்.

நம்ம ஊர்ல அப்படி ஒரு தொண்டை இருந்ததா? இருந்தது. காவிரி கடலில் சேருகிற பக்கம், நாகூரில்.

இஸ்மாயில் முகமது ஹனிபா. சுருக்கமா நாகூர் ஈ.எம். ஹனிபா. 1925 டிசம்பர் 25ல் ராமநாதபுரத்தில் பிறந்தார், ஆனா வாழ்ந்ததும் பெயர் எடுத்ததும் நாகூரில். அப்போ நாகூர், திருவாரூர் எல்லாமே ஒரே தஞ்சாவூர் மாவட்டம். நாகை தனி மாவட்டமா பிரிந்தது 1991ல்தான்.

அந்த ஊரையும் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும். நாகூர் தர்காவின் மிக உயரமான மினாரா 131 அடி. அதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப் சிங். கந்தூரி விழாவுக்கு எல்லா மதத்துக்காரங்களும் வருவாங்க. இப்படிப்பட்ட ஊரில் பாடுறவருக்கு முன்னாடி உட்கார்ந்திருக்கிற கூட்டமே கலவையாத்தான் இருக்கும்.

ஹனிபா முறையா சங்கீதம் படிச்சவர் இல்லை. சின்ன வயசிலேயே கல்யாண வீடுகளில் பாட ஆரம்பிச்சார். உச்சஸ்தாயியில் எடுத்தா மைக்கே வேண்டாம் என்கிற குரல். அதனாலதான் 'இசை முரசு' என்ற பட்டம். திருவாரூரில் பள்ளி மாணவரா இருந்த கருணாநிதியோட இளமையிலேயே நட்பு. திராவிட இயக்க மேடைகளில் தலைவர் வந்து சேரும் வரைக்கும் கூட்டத்தைப் பிடிச்சு வைக்கிறது ஹனிபா வேலை. நாகூர் தர்காவைப் பாடிய அதே குரல், அடுத்த நாள் கட்சி மேடையில்.

இங்கே ஒரு சிக்கல் வந்தது. பக்திப் பாட்டை ரெக்கார்டு போட கம்பெனி தயார். கட்சிப் பாட்டுன்னா யோசிக்கும். 'அழைக்கின்றார் அண்ணா' பாட்டுக்கும் முதலில் மறுப்புதான் வந்தது, "அப்போ வேற பாட்டும் பாட மாட்டேன்"னு ஹனிபா நின்னார்னு ஒரு கதை இன்னிக்கும் சொல்வாங்க. கடைசியில் அந்த ரெக்கார்டு வெளியே வந்தது, ஊர் ஊரா ஒலிச்சது.

ஜமைக்காவில் ரேடியோ ஒதுக்கிய இசையை, லாரியில் ஏற்றின சவுண்ட் சிஸ்டம்தான் தெருவுக்குக் கொண்டுபோச்சு. டெல்டாவில் அந்த வேலையைச் செஞ்சது பந்தல் மூங்கிலில் கட்டின கூம்பு ஸ்பீக்கர். நாத்து நடுற வயல் வரைக்கும் கேட்கும். டிக்கெட் வாங்க வேண்டாம், எழுதப் படிக்கத் தெரிய வேண்டாம். காது இருந்தா போதும்.

இதுக்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. 1957ல் நாகப்பட்டினத்தில் தேர்தலில் நின்றார், தோல்வி. 2002ல், எழுபது வயசைத் தாண்டின பிறகு, வாணியம்பாடி இடைத்தேர்தல். அங்கேயும் தோல்வி. நடுவில் சட்ட மேலவை உறுப்பினரா இருந்தார், வக்ஃப் வாரியத் தலைவராவும் இருந்தார். ஆனாலும் அவர் பாட்டைக் கேட்ட கூட்டம் வேற, ஓட்டுப் பெட்டியில் விழுந்த கூட்டம் வேற. கட்சிக்காரர் என்ற முத்திரை ஒரு பாடகரை பாதிப் பேருக்கு அந்நியமாக்கிடும்.

அப்படி ஆகாம காப்பாத்தினது எது? என் கணிப்பு, 'இறைவனிடம் கையேந்துங்கள்'. எழுதியவர் ஆர். அப்துல் சலாம். அந்தத் தலைப்பையே பாருங்க. 'இறைவன்' என்கிற பொதுச் சொல். கேட்கிறவர் தன் சாமியை அதில் வைச்சுக்கலாம். அதனாலதான் கட்சி பிடிக்காதவர் வீட்டிலும், வேற மதத்துக்காரர் கடையிலும் அது ஓடியது. இன்னிக்கும் ஓடுது.

2015 ஏப்ரல் 8ல் ஹனிபா காலமானார்.

கேட்க ஒண்ணே ஒண்ணு சொல்றேன். 'பாவ மன்னிப்பு' படம், 1961. 'எல்லோரும் கொண்டாடுவோம்' பாட்டில் டி.எம். சௌந்தரராஜனோட ஹனிபாவும் பாடியிருப்பார். ஹெட்போனைப் போட்டு, எது யார் குரல்னு பிரிச்சுப் பாருங்க. சினிமாவுக்குப் பழகின குரல் ஒண்ணு. திறந்த மைதானத்துக்குப் பழகின குரல் இன்னொண்ணு. வித்தியாசம் உடனே தெரியும்.