படைத் தளபதியை நியமிப்பது யார்?

இந்திய முப்படைகளின் உச்சத் தலைமை குடியரசுத் தலைவரிடம் இருக்கிறது என்கிறது அரசியலமைப்பின் 53ஆவது பிரிவு. படைத் தளபதிகள், மாநில ஆளுநர்கள், தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், தேர்தல் ஆணையர்கள் என்று நாட்டின் பெரிய பதவிகளுக்கான நியமனங்கள் அவர் பெயரிலேயே நடக்கின்றன. ஆனால் ஆளைத் தேர்ந்தெடுப்பவர் அவர் அல்லர். 74ஆவது பிரிவின்படி அமைச்சரவையின் ஆலோசனையை ஏற்று நடக்க வேண்டியவர் அவர். 1976இல் வந்த 42ஆவது திருத்தம் இதை ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதிவைத்தது. ஆலோசனையை ஒரேயொரு முறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம் என்றது 1978இன் 44ஆவது திருத்தம். திரும்பவும் அதே ஆலோசனை வந்தால் கையெழுத்துப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

தேர்வு உண்மையில் நடக்குமிடம் அமைச்சரவை நியமனக் குழு. பெயரைக் கேட்டால் பெரிய சபை போலத் தோன்றும். இன்று அதில் இருப்பவர்கள் பிரதமரும் உள்துறை அமைச்சரும் மட்டுமே. 2016 வரை சம்பந்தப்பட்ட துறையின் அமைச்சரும் இருந்தார். கூடிப் பேசி முடிவெடுப்பதைவிட, கோப்பு ஒருவரிடமிருந்து மற்றவரிடம் போய்க் கையெழுத்தாகி வருவதே வழக்கம்.

சிவகங்கை மக்களவைத் தொகுதியில் 2009இல் வென்ற ப. சிதம்பரம், 2008 நவம்பர் இறுதியிலிருந்து 2012 ஜூலை இறுதி வரை உள்துறை அமைச்சர். அந்தப் பொறுப்பின் வழியாகவே நியமனக் குழுவின் உறுப்பினர். வி.கே. சிங், பிக்ரம் சிங் ஆகிய இரு தரைப்படைத் தளபதிகளின் நியமனங்களும் அந்தக் காலத்தவை.

தளபதி ஓய்வுபெறும் நாள் நெருங்கும்போது பாதுகாப்பு அமைச்சகம் மூத்த அதிகாரிகளின் பெயர்களையும் பணி விவரங்களையும் குழுவுக்கு அனுப்புகிறது. பதவிக்காலம் 3 ஆண்டு, அல்லது 62 வயது, இதில் எது முந்துகிறதோ அதுவரை. பணிமூப்பில் முதலில் நிற்பவருக்கே பதவி என்பது மரபு; சட்டம் அல்ல. 1983இல் எஸ்.கே. சின்காவைத் தாண்டி ஏ.எஸ். வைத்யா தளபதியானார், சின்கா படையை விட்டு விலகினார். 2016 டிசம்பரில் மூத்தவர்கள் இருவரைத் தாண்டித் தேர்வானவர் பிபின் ராவத். அவரே 2020 ஜனவரி 1 அன்று நாட்டின் முதல் முப்படைத் தலைமைத் தளபதியாகவும் ஆனார். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விபத்தில் அவர் இறந்த பின் அந்த நாற்காலி ஒன்பது மாதங்களுக்கு மேல் காலியாகவே கிடந்தது. 2022 ஜூனில் விதி திருத்தப்பட்டு, 62 வயது நிறையாத ஓய்வுபெற்ற மூத்த அதிகாரிகளையும் நியமிக்க வழி பிறந்தது. செப்டம்பரில் பதவியேற்ற அனில் சௌகான் ஏற்கெனவே ஓய்வுபெற்றவர்.

அமெரிக்காவில் அதிபர் பெயரை முன்மொழிந்தாலும் செனட் சபை ஒப்ப வேண்டும். இலங்கையில் படைத் தளபதிகளை அதிபர் நேரடியாக நியமிக்கிறார். இந்தியாவில் தளபதி நியமனம் நாடாளுமன்றத்துக்குப் போவதே இல்லை.

வேறு சில பதவிகளில் தேர்வுக்குழுவையே சட்டம் வகுத்திருக்கிறது. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையரை, பிரதமர், உள்துறை அமைச்சர், மக்களவை எதிர்க்கட்சித் தலைவர் ஆகிய மூவர் குழுவின் பரிந்துரைப்படியே குடியரசுத் தலைவர் நியமிக்க வேண்டும் என்பது 2003இன் சட்டம். 2010 செப்டம்பரில் மன்மோகன் சிங், சிதம்பரம், சுஷ்மா ஸ்வராஜ் மூவரும் கூடினர். பி.ஜே. தாமஸின் பெயரைச் சுஷ்மா ஏற்கவில்லை. மறுப்பைக் கைப்பட எழுதியும் வைத்தார். மற்ற இருவரின் முடிவுப்படி தாமஸ் பதவியேற்றார். கேரளப் பாமாயில் இறக்குமதி வழக்கு அவர்மீது நிலுவையில் இருந்தது. 2011 மார்ச் 3 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நியமனத்தை ரத்துசெய்தது. அவர் குற்றவாளியா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவில்லை. அவர்மீது துறை நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்த பழைய குறிப்புகளைக் குழு கணக்கில் எடுக்காததே அது கண்ட குறை. ஒருமனதான முடிவு தேவையில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆக, குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட நியமனமும் செல்லாமல் போகலாம். ஆராயப்படுவது கையெழுத்து அல்ல, அதற்கு முந்தைய பரிந்துரை.

பதவியைப் பறிக்கும் வழியும் பதவிக்குப் பதவி மாறும். 310ஆவது பிரிவின்படி படை அதிகாரிகள் குடியரசுத் தலைவர் விரும்பும் வரையே பதவியில் இருக்கலாம். 1998 டிசம்பர் 30 அன்று கடற்படைத் தளபதி விஷ்ணு பாகவத் இந்த அதிகாரத்தின் கீழ்தான் நீக்கப்பட்டார். அப்போதைய குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன், முடிவு வாஜ்பாய் அரசினுடையது. குடிமைப் பணி அலுவலர்களுக்கு 311ஆவது பிரிவு தரும் விசாரணைப் பாதுகாப்பு படையினருக்குக் கிடையாது. ஊழல் கண்காணிப்பு ஆணையரின் நிலை வேறு: முறைகேடு அல்லது திறனின்மை காரணமாக அவரை நீக்க வேண்டுமானால், குடியரசுத் தலைவர் முதலில் அதை உச்ச நீதிமன்ற விசாரணைக்கு அனுப்பி, அங்கிருந்து அறிக்கை வந்த பிறகே ஆணையிட முடியும்.