பொலன்னறுவையில் ஒரு பகல்

பொலன்னறுவை எனக்குப் புதிய ஊரல்ல. 1990க்குப் பிறகு எத்தனை தடவை அந்த ஊரைக் கடந்திருப்பேன்! காணாமற்போன கணவரைத் தேடிக் கொழும்புக்குப் போன பயணமெல்லாம் அவ்வழியாகத்தான். புணானையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து, வெலிக்கந்தையில் பையைத் திறந்து காட்டி, மன்னம்பிட்டியில் மறுபடியும் இறங்கி, பொலன்னறுவை வரும்போது களைத்துக் கண்ணை மூடிவிடுவேன். நான் அறிந்த பொலன்னறுவை அவ்வளவுதான்.

2018 ஆவணியில் எங்கள் மாதர் சங்கத்தில் கொஞ்சம் காசு மிஞ்சியது. ஒரு நாள் எங்காவது போய் வருவோம் என்று பேச்சு வந்தது. "பொலன்னறுவைக்குப் போவம் அம்மா, சரித்திரப் புத்தகத்தில படிச்ச இடம்" என்றாள் மகள். எனக்கு நெஞ்சு திக்கென்றது. பக்கத்து வீட்டு மச்சாள்தான், "அந்த ரோட்டால அழுதழுதுதானேகா போனம். ஒருக்காச் சும்மா போய்ப் பார்ப்பமே" என்றா. பதினொரு பேர் புறப்பட்டோம்.

விடியவே மட்டக்களப்பில் பஸ் ஏறினோம். மன்னம்பிட்டியில் முன்பு புகையிரதத்துக்கும் பஸ்ஸுக்கும் ஒரே பாலம்தான். 2007இல் வாகனங்களுக்கென்று புதுப் பாலம் திறந்தார்கள். மகாவலியைக் கடந்தபோது யாரும் பேசவில்லை.

ஒரு விடயம் சொல்ல வேண்டும். பொலன்னறுவைப் புகையிரத நிலையம் கதுருவெலயில் இருக்கிறது. பழைய நகரம் அங்கிருந்து நாலு கிலோமீற்றர் அளவில். புகையிரதத்தில் போகிறவர்கள் இறங்கியதும் இடிபாடுகளைத் தேட வேண்டாம், பஸ்ஸோ ஓட்டோவோ பிடியுங்கள். கதுருவெலக் கடைகளில் தமிழில் பேசலாம். பழைய நகருக்குள்ளும் ஓரிடத்துக்கும் மற்ற இடத்துக்கும் தூரம் அதிகம். ஓட்டோவுக்கு ஏறுமுன்னே காசு பேசிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் என்றால் வாடகைச் சைக்கிள் நல்லது.

நான் அதிக நேரம் நின்றது இரண்டாம் சிவ தேவாலயத்தில். அந்நகரில் இன்று நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையவற்றில் ஒன்று. பதினோராம் நூற்றாண்டில் சோழர் கட்டிய கற்கோயில். அவர்கள் இந்நகரை ஜனநாதமங்கலம் என்று அழைத்தார்கள். கோயிலின் பெயர் வானவன் மாதேவி ஈச்சரம். வானவன் மாதேவி முதலாம் இராஜராஜனின் அரசி, இராஜேந்திரனின் தாய். சுவரில் தமிழ் எழுத்துகள் வெட்டியிருக்கிறார்கள். மகள் கொப்பியை எடுத்து ஓரோர் எழுத்தாகப் பார்த்து எழுதினாள். பாதி விளங்கவில்லை, ஆனாலும் விடவில்லை. அந்த வெயிலில் அவளுக்குக் குடை பிடித்தபடி நின்றேன். இந்தச் சுவருக்கு இவ்வளவு பக்கத்தால்தானே அத்தனை தடவையும் போனேன் என்று நினைத்துக்கொண்டேன்.

தலதா மாளிகைகள் இருந்த முற்றத்திலும் ஒரு தமிழ்க் கல் உண்டு. புத்தரின் தந்ததாதுக் கோயிலைக் காப்போம் என்று வேளைக்காரப் படையினர் பொறித்தது. இதைப் பள்ளியில் எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இந்நகரில் லீலாவதி என்ற அரசி 1197இலிருந்து மூன்று தடவை ஆட்சிக்கு வந்திருக்கிறாள். இரண்டு தடவை இறக்கப்பட்டும் திரும்பி வந்தவள். மச்சாளுக்கு இவளைத்தான் பிடித்தது.

கல் விகாரையில் படுத்த நிலையிலுள்ள புத்தர் 46 அடி நீளம். தலை வைத்த இடத்தில் தலையணை அமுங்கியிருப்பதைக் கல்லிலேயே செதுக்கியிருக்கிறார்கள். அங்கே சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது, கவனம். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும். வழிபாட்டிடங்களில் செருப்பைக் கழற்ற வேண்டும், மதியத்தில் கல் நெருப்பாய்ச் சுடும். ஒரு சோடி காலுறை கொண்டு போங்கள். நாங்கள் கொண்டு போகாமல் துள்ளித் துள்ளி நடந்து சிரித்ததுதான் மிச்சம்.

தண்ணீர்ப் போத்தலும் சோற்றுப் பார்சலும் வீட்டிலிருந்தே எடுங்கள். பார்சலைப் பைக்குள் வையுங்கள். எங்கள் பிட்டில் பாதி குரங்குக்குப் போனது. அடையாள அட்டையை மறக்க வேண்டாம். கார்த்திகை, மார்கழி மழையில் போகாதீர்கள். நூதனசாலையை முதலில் பாருங்கள், கோயில்களில் கிடைத்த வெண்கலச் சிலைகள் சில அங்கேதான். நாங்கள் கடைசிக்கு வைத்து அவசரமாக ஓடினோம்.

திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று காலையில் இறங்கும்போதே கேட்டு வையுங்கள். நாங்கள் கேட்காததால் கதுருவெலயில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். மகள் கொப்பியைத் திறந்து, விளங்கிய எழுத்துகளை மச்சாளுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.