யானை பொம்மையின் வயிறு ஏன் காலியாக இருக்கிறது?

ஸ்ரீமுஷ்ணம் பகுதியில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கிறேன். என் மாணவர்கள் சிலரின் பெற்றோர் விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் வேலை செய்கிறார்கள். ஃபியூஸ் கேரியர், அகல் விளக்கு, கொலு பொம்மை, விலங்கு பொம்மை எனப் பலவும் அங்கே உருவாகின்றன. ஆனால், “அப்பா என்ன வேலை பார்க்கிறார்?” என்று கேட்டால், “பொம்மைக் கம்பெனியில் கூலி, சார்” என்று குரலைத் தாழ்த்தியே சொல்கிறார்கள். அந்த வேலைக்குள் நம் பாடமே இருக்கிறது என்பதை அவர்களுக்கு எப்படிக் காட்டலாம்?

பீங்கான் யானையிலிருந்து தொடங்கலாம். வெண்களிமண்ணை நீரில் கரைத்துச் சிறிதளவு சோடியம் சிலிக்கேட் சேர்க்கிறார்கள். அது களிமண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாது. எனவே குறைந்த நீரிலேயே கூழ் நன்றாக ஓடும். இதைப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றினால், அச்சின் நுண்துளைகள் நீரை உறிஞ்சிக்கொள்ளும். உட்சுவரில் களிமண் படியும். போதிய தடிமன் வந்ததும் மீதிக் கூழைக் கவிழ்த்துவிடுவார்கள். அதனால்தான் வயிறு காலி.

இதனால் மண் மிச்சமாகிறது, பொம்மையும் பிழைக்கிறது. கனத்த மண்ணின் நடுவே ஈரம் தங்கினால், சூளையில் அது நீராவியாகிப் பொம்மையை வெடிக்கச் செய்துவிடும்.

காய்ந்த பொம்மையை நீரில் போட்டால் மறுபடி சேறாகும். இது மீள் மாற்றம். சூளையில் சுமார் 500 முதல் 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், களிமண்ணோடு வேதிமுறையில் பிணைந்திருந்த நீரும் வெளியேறிவிடும். பிறகு எத்தனை நாள் ஊறினாலும் கரையாது. இது மீளா மாற்றம்.

வகுப்பறையில் இதைச் செய்து பார்க்கச் செலவில்லை. வெயிலில் காய்ந்த களிமண் உருண்டை ஒன்றையும் உடைந்த அகல் துண்டு ஒன்றையும் தனித்தனி டம்ளர் நீரில் போட்டுக் கவனிக்கச் சொல்லுங்கள். ஈரக் களிமண் பட்டையில் 10 செ.மீ. கோடு கீறி நிழலில் காயவைத்து, ஒரு வாரம் தினமும் அளக்கச் சொல்லுங்கள். சுருக்கத்தை விழுக்காட்டில் கண்டால் கணக்குப் பாடமும் சேர்ந்துவிடும்.

பீங்கான் வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வியைக் கொடுத்தனுப்புங்கள்: “கூழைக் கவிழ்க்கும் நேரம் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?” வீட்டிலிருந்து கொண்டுவரும் விடையை அவர்களே வகுப்புக்கு விளக்கட்டும். பத்தாம் வகுப்புக்குப் பின் பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு படிக்க விருத்தாசலத்திலேயே அரசுக் கல்லூரி இருப்பதையும் சொல்லுங்கள். அடுத்த முறை அப்பாவின் வேலையைப் பற்றிக் கேட்கும்போது குரல் தாழாது.