இரண்டு வாய், ஒரு காது

சுட்டிகளே, முதலில் ஒரு விடுகதை. "உனக்கு இரண்டு காது, ஒரு வாய். எனக்கு இரண்டு வாய், ஒரு காது. உன் தலைமேல் ஏறி உட்காருவேன். நான் யார்?"

விடை: மைக் வைத்த கேமிங் ஹெட்செட்! உங்கள் காதோரம் பேசும் இரண்டு ஸ்பீக்கர்கள்தான் அதன் வாய்கள். நீங்கள் பேசுவதைக் கேட்கும் மைக் அதன் காது. நல்ல ஹெட்செட்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெட்டியில் அச்சிட்டதை அப்படியே நம்ப வேண்டாம். நாமே சோதித்துப் பார்ப்போம்.

முதலில் வாய். பெட்டியில் '50 மி.மீ. டிரைவர்' என்று போட்டிருக்கும். வண்டி ஓட்டுகிறவர் இல்லை! உள்ளே இருக்கும் குட்டி ஸ்பீக்கருக்கு அதுதான் பெயர். ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள், அதோடு ஒட்டிய மெல்லிய படலம். சுருளில் மின்சாரம் மாறி மாறிப் பாயும்போது படலம் முன்னும் பின்னும் அதிரும். அந்த அதிர்வுதான் ஒலி. டிரைவர் பெரிதாக இருந்தால் ஒலி நன்றாக இருக்கும் என்று உறுதி கிடையாது.

அதே பெட்டியில் '7.1 சரவுண்ட்' என்றும் இருக்கலாம். ஏழெட்டு ஸ்பீக்கர்களா உள்ளே? பெரும்பாலும் இரண்டுதான். மீதி எல்லாம் கணக்கு வித்தை. அந்த வித்தையை நம் மூளையிடமிருந்துதான் கற்றிருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். தங்கையை உங்கள் வலப்பக்கம் நின்று கைதட்டச் சொல்லுங்கள். ஒலி முதலில் வலக்காதை எட்டும். இடக்காதுக்கு அது வந்து சேர, ஒரு விநாடியைப் பத்தாயிரம் துண்டாக்கினால் ஏறக்குறைய ஆறு துண்டு நேரம் கூடுதலாகும். நடுவில் தலை மறைப்பதால் கொஞ்சம் மெலிந்தும் போகும். இந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்தே மூளை திசையைச் சொல்லிவிடுகிறது. விளையாட்டிலும் கண்ணை மூடிக் கேளுங்கள். எதிராளியின் காலடி எந்தப் பக்கம் என்று சரியாகக் கை காட்ட முடிந்தால், ஹெட்செட் தேறிவிட்டது.

அடுத்து தாமதம். கிரிக்கெட் மைதானத்தில் 70 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், மட்டை பந்தை அடிப்பது முதலில் தெரியும். 'டொக்' சத்தம் விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு கழித்துத்தான் வரும். சாதாரண புளூடூத் ஹெட்செட்டிலும் சில சமயம் இதே அளவு தாமதம் இருக்கும். பாட்டுக் கேட்க அது தடையில்லை. விளையாட்டில் அதற்குள் ஆட்டமே முடிந்திருக்கும்! யாராவது கைதட்டும் வீடியோவை ஓடவிட்டுப் பாருங்கள். கை சேர்வதும் சத்தமும் ஒன்றாக வருகின்றனவா? கம்பி வைத்ததில் இந்தத் தொல்லையே இல்லை.

இனி அதன் காதுக்கு வருவோம். மைக் செய்வது ஸ்பீக்கரின் வேலைக்கு நேர் எதிர்: அதிர்வை மின்சாரமாக்குவது. ஹெட்செட்களில் பெரும்பாலும் இருப்பது எலெக்ட்ரெட் மைக். நிரந்தரமாக மின்னூட்டம் தாங்கிய மெல்லிய பிளாஸ்டிக் படலம்தான் அதன் உயிர். 1962-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் என்ற இருவர் அதை உருவாக்கினார்கள்.

மைக்குக்கு ஒரு பப்பாளிச் சோதனை! உள்ளங்கையை வாய்க்கு நேராக வைத்து, "பப்பாளி, பம்பரம், பட்டம்" என்று அழுத்திச் சொல்லுங்கள். காற்று கையில் மோதுகிறது அல்லவா? அதே காற்று மைக்கில் மோதினால் 'புஸ் புஸ்' என்று கேட்கும். ஃபேனைச் சுழலவிட்டு, இந்தச் சொற்களைப் பேசிப் பதிவு செய்து திரும்பக் கேளுங்கள். 'புஸ்' வந்தால் மைக்கை உதட்டின் ஓரத்துக்கு நகர்த்துங்கள். அப்போதும் வந்தால், அல்லது உங்கள் குரலைவிட ஃபேன் அதிகமாகப் பேசினால், அந்த மைக் வேண்டாம்.

வாங்குமுன் பத்து நிமிடம் தலையில் மாட்டியே இருங்கள். உச்சந்தலை வலிக்கிறதா, காது வேர்க்கிறதா என்று கவனியுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு மாட்டிப் பாருங்கள். கண்ணாடியின் கால் தரும் இடைவெளி வழியே மத்தளம் போன்ற கனத்த ஒலிகள் கசிந்துவிடும்.

கடைசிச் சோதனை உங்களுக்கு. மாட்டியிருக்கும்போது அம்மா அருகில் நின்று கூப்பிட்டும் கேட்கவில்லையா? ஒலியைக் குறையுங்கள். சிறுவர்களுக்கு 75 டெசிபல் ஒலி, வாரத்துக்கு 40 மணி நேரம். அதுதான் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குமேல் 3 டெசிபல் கூடினாலே, கேட்கக்கூடிய நேரம் பாதியாகிவிடும். நம் உட்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் சுமார் 15,000 இருக்கின்றன. பால்பல் விழுந்த இடத்தில் வேறு பல் முளைப்பதுபோல, அழிந்த மயிர்ச்செல் மறுபடி முளைப்பதில்லை.