கொடிமுந்திரிகையும் கவ்வாத்தும்

திராட்சை என்றும் வழங்கும் கொடிமுந்திரிகை பெருமளவிற் பயிராகும் நாடுகளுள் பிரான்சு ஒன்று. அந்நாட்டுத் தோட்டங்களிலே, நேற்றுவரை பசுமையாய் நின்ற கொடி, கோடையின் நடுவே சில நாட்களுள் இலைவாடி மடிந்துபோவதுண்டு. அதன் அடித்தண்டைப் பிளந்து பார்த்தால், கரும்புள்ளிகளும், பஞ்சுபோல் வெளுத்து உளுத்த மரமும் உள்ளே காணப்படும். எசுக்கா எனப்படும் தண்டுநோய் இதுவாகும். கொடி மடிவது கோடையிலாயினும், கேடு புகுந்தது பல ஆண்டுகளுக்கு முன் கவ்வாத்துச் செய்த நாளிலாயிருக்கலாம்.

குளிர்காலத்தில் இலையுதிர்த்து நிற்கும் கொடியின் முந்திய ஆண்டுக் கிளைகளிற் பெரும்பகுதி வெட்டப்படுகிறது. நல்ல பழம் பெறுவதற்கு இஃது இன்றியமையாதது. ஆயினும் ஒவ்வொரு வெட்டும் ஒரு புண்ணே. மழையாலும் காற்றாலும் பரவும் பங்கசு வித்திகள் அப்புண்ணின் வழியே மரத்துள் நுழைகின்றன. கொடியோ தன் புண்ணை எளிதில் மூடுவதில்லை. வெட்டுவாயின் கீழுள்ள மரம் கூம்பு வடிவிலே உள்நோக்கிக் காய்கிறது. வெட்டு பெரிதாயின் காய்வும் ஆழமாகும். பார்வைக்கு அழகாகத் தண்டோடு ஒட்ட வெட்டினால், அக்காய்வு சாறு ஏறும் பாதையையே அடைத்துவிடும்.

பிரான்சின் சராந்துப் பகுதியிலே பூசார் என்ற பயிர்ச்செய்கையாளர் கையாண்ட முறையொன்றை, ரெனே லபோன் என்பவர் 1921ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார். வெட்டுக்கள் யாவும் கையின் மேற்புறத்திலேயே அமைய, கீழ்ப்புறத்திற் சாறு தடையின்றி ஓடும் என்பதே அதன் சாரம். பின்னர், இந்நோய்க்கெனத் தெளிக்கப்பட்ட ஆசனிக்கு மருந்து மனிதர்க்கும் நஞ்சாதலால், 2001இல் அந்நாட்டிலே தடைசெய்யப்பட்டது. ஆகவே பூசாரின் முறை மீண்டும் கவனத்துக்கு வந்தது.

பங்கசை முற்றாகத் தடுக்கும் கவ்வாத்து எதுவுமில்லை. மரத்துள் ஊறிய நோயைக் கத்தரிக்கோல் மாற்றுவதுமில்லை. ஆயினும் அதன் வேகத்தைத் தணிக்க வழியுண்டு. முதிர்ந்த தண்டில் வெட்டாது, ஓரிரு ஆண்டுக் கிளையிலேயே சிறிதாக வெட்டவேண்டும். பெரிய வெட்டுத் தவிர்க்க முடியாதாயின், ஒரு குற்றியை விட்டு வெட்டி, அது காய்ந்தபின் மறு ஆண்டில் அகற்றலாம். மழைநாளில் வெட்டாதிருத்தலும் நன்று. அழகற்றதாய்த் தோன்றும் அச்சிறு குற்றியே கொடியின் ஆயுளைக் காக்கும் காவலாகும்.